ஆறாம் தெருவின் காது

காலை ஆறு மணிக்கு மணி அடித்ததும் ஆறாம் தெருக்காரர்கள் எண்பத்து மூன்று பேரும் வழக்கம்போல வெளியே வந்து, சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் வாயில் பற்பசை நுரை. இன்னொருவர் இடுப்பில் கைக்குழந்தை. குழந்தையின் காதையும் சுவரோடு ஒட்டிப் பிடித்திருந்தார், சட்டம் சட்டம்தான்.

செவ்வாய்க் கோளில் செம்புலம் குடியிருப்பு உருவாகி எழுபது வருடம் ஆகிறது. வட்டத்துக்குள் வட்டமாகக் கட்டிய ஊர். ஆறாம் தெரு கடைசியில், விளிம்பு வட்டத்தில் இருந்தது. தெரு என்றால் குகை மாதிரி நீண்ட ஒரு வழி. ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் வெளிச்சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் காற்று என்று சொல்லிக்கொள்ளும்படி ஏதுமில்லை. சுவரில் ஊசிமுனை அளவு துளை விழுந்தால் போதும், உள்ளே இருக்கும் காற்று மெல்லச் சீறிக்கொண்டு வெளியே ஓடத் தொடங்கும். அதைக் கண்டுபிடிக்கக் கருவிகள் இருந்தன. ஆனால் செம்புழுதி அவற்றை அடைத்துக்கொண்டே இருந்தது. ஆகவே தினமும் காலையில் குறைந்தது அறுபது வினாடி மனிதர்களே காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று வளி வாரியம் விதித்திருந்தது. இதற்குக் கசிவுக் கேட்பு என்று பெயர். கேட்டு முடித்ததும் தலையைத் தூக்கி, "கசிவு இல்லை" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அவரவர் தோசை ஊற்றப் போய்விடுவார்கள்.

அன்றும் சொன்னார்கள். தணிகாசலமும் சொன்னார். ஆனால் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. கசிவு மட்டுமல்ல, பக்கத்தில் நின்றவர் கத்திய "கசிவு இல்லை"யும் பாதிதான் கேட்டது. எதிரே நின்ற மனைவி கோமளவல்லியின் தலை அசைந்ததும் தாமும் தலையைத் தூக்கினார்; அவள் வாய் திறந்ததும் தாமும் திறந்தார். ஏழு வருடமாக வண்டி இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், செம்புலத்திலேயே பேர் போன காது அவருடையது. முப்பது வருடம் காற்று எந்திரக்கூடத்தில் மெக்கானிக்காக இருந்தவர். எந்திரத்தின் மேல் கை வைக்காமல், பத்தடி தள்ளி நின்றபடியே, "மூணாவது வால்வு லூசு" என்று சொல்லிவிடுவார். ஊரே அவரைக் காத்துக்காரர் என்றுதான் கூப்பிடும். மற்றவர்களுக்கெல்லாம் பத்து வயதில் காதுக்குள் உள்மணி பதித்துவிடுவார்கள். கடுகளவு கருவி அது. பாட்டு, செய்தி, அரட்டை எல்லாம் அதில் வரும். ஊர் முழுக்க ஓயாமல் இரையும் காற்றாடிகளின் சத்தத்தையும் அது வடிகட்டிவிடும். எந்திரக்கூடத்துக்காரர்களுக்கு மட்டும் உள்மணி கிடையாது. எந்திரத்தின் சத்தத்தை வடிகட்டாமல் கேட்க வேண்டியவர்கள் ஆயிற்றே. முப்பது வருடம் வடிகட்டாமல் கேட்டதில் காது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோயிற்று.

முதலில் மெல்லிய ஒலிகள் போயின. குழாய் சொட்டுவது, ஊசி விழுவது, கோமளவல்லி முணுமுணுப்பது. பிறகு பேச்சில் சகரமும் தகரமும் காணாமல் போய், உயிரெழுத்து மட்டும் மிச்சம் நின்றது. தணிகாசலம் அசரவில்லை. மூன்று வகைத் தலையாட்டல்களை வைத்துச் சமாளித்தார். எதிராளி முகத்தில் கவலை தெரிந்தால் "அடடா". சந்தோஷம் தெரிந்தால் "பேஷ்". கேள்விக்குறி தெரிந்தால் "பாத்துக்கலாம்". நாலு பேர் சிரித்தால் ஒரு நொடி தாமதமாகத் தாமும் சிரிப்பார். செவிக்கருவி வாங்கிக்கொள்ளலாம்தான். ஆனால் காத்துக்காரர் காதில் கருவியா என்று ஊர் சிரிக்குமே! கௌரவம் அவரைத் தடுத்தது.

அந்தக் கௌரவத்துக்கு அன்று வேட்டு வைத்தது வாரியத்தின் அறிவிப்பு. விளிம்பு வட்டத்தில் அறுபது வயது தாண்டியவர்கள் எல்லாரும் பத்து நாளில் செவித்தேர்வுக்கு வர வேண்டும். தேறாதவர்கள் நடு வட்டத்துக்குக் குடிபெயர வேண்டும். அங்கே சன்னல் கிடையாது என்பதுகூட அவருக்குப் பெரிதில்லை. கோமளவல்லி வர முடியாது. விளிம்பிலிருக்கும் பச்சைக்கூடத்தில் ஊருக்கே தக்காளி விளைவிப்பவள் அவள். அந்த வேலையில் இருப்பவர்கள் விளிம்பிலேயே குடியிருக்க வேண்டும். அவளுக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு வருடம் இருந்தது. பத்து நாளைக்கு ஒருமுறை விடுமுறையில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். முப்பத்து நாலு வருடம் ஒரே தட்டில் அப்பளத்தைப் பங்கு போட்ட மனிதருக்கு அது எந்த மூலைக்கு?

அறிவிப்பின் அடியில் வழக்கமான பின்குறிப்பும் இருந்தது. "ஆறாம் தெருவில் காற்றுச் செலவு தொடர்ந்து கூடுதலாக உள்ளது. குடியிருப்போர் பேச்சைக் குறைத்துக்கொள்ளவும். பெருமூச்சைத் தவிர்க்கவும்." மூன்று வருடமாக வரும் குறிப்பு அது. தணிகாசலம் அதைப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

கருவி பொருத்திக்கொண்டும் தேர்வுக்குப் போகலாம் என்று விதியில் இடம் இருந்தது. மறுநாளே யாருக்கும் தெரியாமல் செவி மையத்துக்குப் போனார். அங்கே செவியன் என்ற ரோபோ உட்கார்ந்திருந்தது. அவர் காதுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்த்துவிட்டு, அவருக்குப் புரியும்படி சுவரில் எழுத்தாகப் பேசியது.

"ஐயா, ஏழு வருடம் முன்பே வந்திருக்க வேண்டும்."

"வேலை ஜாஸ்தி," என்றார் ஓய்வு பெற்று எட்டு வருடமான தணிகாசலம்.

"மூன்று வகைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் இரண்டு நாள் அணிந்து பாருங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஐந்து வருடத்துக்கு மாற்ற முடியாது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் 'இனியன்' வகையைத்தான் எடுக்கிறார்கள். இரைச்சலை அறவே நீக்கிவிடும். பேச்சையும் கொஞ்சம் மென்மையாக்கித் தரும்."

இனியன் அரிசி அளவுதான் இருந்தது. காதுக்குள் போனால் வெளியே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் கோமளவல்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். சொற்கள் ஒவ்வொன்றும் முத்து முத்தாக விழுந்தன. தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு வருடத்துக்குப் பிறகு மனைவியின் குரல்! அதுவும் எவ்வளவு கனிவு!

"மரம் மாதிரி நிக்கறீங்களே, சொன்ன வேலை ஒண்ணாவது செஞ்சீங்களா? வடிகட்டியக் கழுவுங்கன்னு காலைலேர்ந்து கத்தறேன்!" என்பதுதான் அவள் சொன்னது. கருவி அதைத் தாலாட்டுப் போலக் கொடுத்தது. அவர் உருகிப்போய்ச் சிரித்தபடி நின்றார். அவளுக்குக் கோபம் ஏற ஏற, குரலில் தேன் கூடிக்கொண்டே போனது. கடைசியில் கரண்டி பறந்து வந்தபோதுதான் நிலவரம் புரிந்தது. ஆனாலும் இது நல்ல கருவிதான், கல்யாணமானவர்கள் எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது 'முந்தி'. எதிராளி முதல் இரண்டு சொற்களைச் சொன்னதுமே மீதியை ஊகித்துக் காதில் சொல்லிவிடும். மனிதர்கள் பேசுவதில் பெரும்பகுதி பழைய பல்லவிதான் என்பதால் முக்கால்வாசி சரியாகவே இருந்தது. பக்கத்து வீட்டு ஃபெலிக்ஸ் வாசலில் நிறுத்தி, "அண்ணே, நம்ம பொண்ணு கல்யாணம்..." என்று ஆரம்பித்தார். முந்தி 'நிச்சயமாயிருச்சு' என்று முடித்துக் கொடுத்தது. தணிகாசலம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "பேஷ்! பேஷ்! எப்ப சாப்பாடு?" என்றார். ஃபெலிக்ஸ் சொல்ல வந்தது கல்யாணம் நின்றுபோய்விட்டது என்று. அவருடைய மனைவி அதன் பிறகு இரண்டு நாள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

மூன்றாவதற்குச் செவியன் சரியாகப் பெயர்கூட வைத்திருக்கவில்லை. "பச்சைச் செவி என்பார்கள், ஐயா. எதையும் நீக்காது. எதையும் திருத்தாது. உங்கள் காது எதை இழந்ததோ அதைப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். பழைய சரக்கு. யாரும் எடுப்பதில்லை." காதுக்குப் பின்னால் முந்திரிப் பருப்பு அளவில் தொங்கியது. அரை மணி நேரத்தில் தணிகாசலத்துக்குத் தலைவலி வந்துவிட்டது. காற்றாடிகள் இரைந்தன. பாத்திரங்கள் இடித்துக்கொண்டன. அப்பளத்தைக் கடித்தால் தலைக்குள் கட்டடம் இடிந்தது. கோமளவல்லியின் திட்டு ஒரு காரமும் குறையாமல் வந்து சேர்ந்தது. நாளைக்கு இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இனியனை வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்து தூங்கினார்.

மறுநாள் காலை கசிவுக் கேட்பு. காதுக்குப் பின்னால் தொங்கிய கருவி தெரியாமலிருக்கத் துண்டால் முண்டாசு கட்டிக்கொண்டு சுவரில் காதை வைத்தார்.

ஸ்ஸ்ஸ்.

கருவிக் கோளாறு என்று நினைத்து இரண்டடி நகர்ந்து வைத்தார். குறைந்தது. பழைய இடத்துக்கு வந்தார். கூடியது. முப்பது வருடம் அவருக்குச் சோறு போட்ட ஒலி அது. தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் தெரியும். இரண்டு பலகைகள் சேரும் இடத்தில், முழங்கை உயரத்தில், ஊசித் துளை. ஓசையில் ஒரு கரகரப்பு இருந்தது. ஓரம் அரித்துப் பல நாளானால்தான் அந்தக் கரகரப்பு வரும்.

"கசிவு இல்லை!" என்றது தெரு. தணிகாசலத்தின் வாய் பழக்கத்தில் திறந்து, சத்தம் வராமல் மூடிக்கொண்டது.

அன்று தோசை இறங்கவில்லை. சொல்லாமல் விட்டால் இனியனைப் போட்டுக்கொண்டு தேர்வில் தேறிவிடலாம். கோமளவல்லியோடு இங்கேயே இருக்கலாம். சொன்னால், இத்தனை நாள் 'கசிவு இல்லை' என்று சொன்ன பொய் வெளியே வரும். பொய்க் கேட்புக்குத் தண்டனை உடனே நடு வட்டம், தேர்வே கிடையாது. ஆனால் ஓரம் அரித்த துளை ஒருநாள் பிளக்கும். என்றைக்குப் பிளக்கும் என்று மெக்கானிக்குக்கும் தெரியாது. பிளந்தால் முதலில் போவது அந்தச் சுவருக்கு நேர் எதிரே இருக்கும் வீடு. அது அவருடைய வீடுதான்.

தட்டைத் தள்ளிவிட்டு, "கோமளா, எனக்குக் காது கேக்காது," என்றார். "ஏழு வருஷமா."

அவள் முண்டாசை அவிழ்த்து, முந்திரியைப் பார்த்தாள்.

"என் பேச்சுதான் உங்க காதுல விழறதில்லைன்னு நெனச்சேன்," என்றாள். "அது எல்லா வீட்லயும் உள்ளதுதானேன்னு விட்டுட்டேன்."

அப்புறம் கசிவைப் பற்றிச் சொன்னார். நடு வட்டத்தைப் பற்றியும் சொன்னார். அவள் முகம் சுருங்கியது. எழுந்து போய், அவளே வாரியத்துக்குச் செய்தி அனுப்பினாள்.

ஒரு மணி நேரத்தில் காற்று ஆய்வாளர் இளநங்கை வந்தாள். சின்ன வயசு, கறாரான முகம். தெருவே கூடிவிட்டது. அவள் சுவரில் காதை வைத்து அறுபது வினாடி கேட்டாள்.

"ஒண்ணும் இல்லையே, சார்."

"நல்லாக் கேளும்மா. இந்த இணைப்புலதான்."

மறுபடி கேட்டாள். பிறகு அவருடைய காதைப் பார்த்தாள். முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது. "உங்களுக்குக் காது மந்தம்னு ஏன் சார் இவ்வளவு நாளா சொல்லலை? காது போச்சுன்னா இல்லாத சத்தமெல்லாம் கேக்கும். பயப்படாதீங்க, நடு வட்டத்துல நல்லாப் பாத்துக்குவாங்க." சொல்லிக்கொண்டே படிவத்தைத் திறந்துவிட்டாள்.

தணிகாசலத்துக்கு வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "கோமளா, உன் பவுடர் டப்பாவ எடுத்துட்டு வா," என்றார்.

அவள் டப்பாவோடு வந்ததும், உள்ளங்கையில் கொட்டிச் சுவரருகே மெல்ல ஊதச் சொன்னார். வெள்ளைப் புகையாக எழும்பிய பவுடர் முதலில் ஆய்வாளரின் சீருடையில் கொஞ்சம் படிந்தது. மீதி அந்தரத்தில் தயங்கி நின்றது. பிறகு யாரோ நூல் பிடித்து இழுப்பதுபோல, ஒரே கோடாக இணைப்பை நோக்கிப் போய் உள்ளே மறைந்தது.

தெருவில் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. வாரியம் கேட்டது ஒருவழியாக நடந்தது.

"உங்க உள்மணிய அணைச்சீங்களா?" என்று கேட்டார் தணிகாசலம்.

இளநங்கை நெளிந்தாள். கேட்பின்போது உள்மணியை அணைக்க வேண்டும் என்பது விதியின் முதல் வரி. ஆனால் அணைத்தால் அது மறுபடி விழித்துக்கொள்ள நான்கு நிமிடம் ஆகும். காலை அவசரத்தில் நான்கு நிமிடம் யாருக்கு இருக்கிறது? உள்மணிக்கோ கசிவின் சீறலும் ஓர் இரைச்சல்தான். காற்றாடி சத்தத்தோடு சேர்த்து அதையும் துடைத்துவிட்டுப் பாட்டைப் போடும். அவள் காதோரம் அழுத்தி அணைத்தாள். சுவரில் சாய்ந்தாள். கறாரான முகம் வெளுத்துப்போயிற்று.

"கடவுளே," என்றாள். "இந்த ஓரமெல்லாம் மூணு வருஷமாவது அரிச்சிருக்கும். எண்பத்து மூணு பேர் தினம் கேட்டிருக்கீங்க. ஒருத்தருக்குக்கூடவா தெரியலை?"

ஃபெலிக்ஸ் தொண்டையைச் செருமினார். "மேடம், நம்ம தெருவுல காத்துக்காரர் இருக்காரே. அவரு தலையத் தூக்கினா நாங்க தூக்கிருவோம். அவரு காதுக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரிஞ்சிரப் போகுது?"

எண்பது தலைகள் ஆமாம் என்று ஆடின. கைக்குழந்தைக்காரர் குழந்தையின் தலையையும் ஆட்டினார்.

இளநங்கை தணிகாசலத்தின் பக்கம் திரும்பினாள். "நீங்க எப்படி சார் சொன்னீங்க, காதே கேக்காம?"

"நான் இவளைப் பாப்பேன்," என்றார் தணிகாசலம். "இவ தூக்கினா நானும் தூக்குவேன்."

"அம்மா, அப்ப நீங்க?"

கோமளவல்லி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள். "நான் இவரைப் பாப்பேன்," என்றாள். "தலை லேசா ஆடினாப் போதும், முடிஞ்சுதுன்னு நானும் தூக்கிருவேன். எனக்கு உள்மணியில காலைப் பாட்டு ஓடிட்டிருக்கும்."

யாருக்காவது கழுத்து வலித்து லேசாக அசைந்ததுதான் ஏழு வருடமாக ஆறாம் தெருவின் பாதுகாப்புச் சான்றாக இருந்திருக்கிறது.

அன்று மாலைக்குள் துளையை அடைத்துவிட்டார்கள். ஆறாம் தெருவின் காற்றுச் செலவும் ஒரே நாளில் இறங்கியது. மூன்று வருடமாகப் பேச்சைக் குறைக்கச் சொன்ன குறிப்பை வாரியம் ஓசைப்படாமல் நீக்கியது. அதற்குப் பிறகுதான் சிக்கல். விதிப்படி கசிவைக் கேட்க முடியாதவர்களை நடு வட்டத்துக்கு அனுப்ப வேண்டும். இளநங்கை தெரு முழுவதையும் உள்மணியை அணைக்கச் சொல்லி, பதிவு செய்த சீறலை ஒலிக்கவிட்டுச் சோதித்தாள். பழக்கம் விட்டுப்போன காதுகளுக்கு எது காற்றாடி, எது சீறல் என்றே பிரிக்கத் தெரியவில்லை. எண்பத்து மூன்று பேரில் தேறியவர் ஒருவர்தான். காதுக்குப் பின்னால் முந்திரி தொங்கியவர்.

எண்பத்திரண்டு பேருக்கு நடு வட்டத்தில் இடமில்லை. பொய்க் கேட்புக்குத் தண்டனை என்றாலோ எண்பத்து மூன்று பேரும் போக வேண்டும். வாரியம் யோசித்து ஒரு வழி கண்டது. தணிகாசலம் அங்கேயே இருக்கலாம். மற்றவர்கள் எல்லாரும் இலவசமாகச் செவிக்கருவி பெற்றுக்கொள்ள வேண்டும்.

மறுநாள் செவியன் தள்ளுவண்டியோடு தெருவுக்கே வந்தது. மூன்று வகையையும் தட்டில் பரப்பி, ஒவ்வொன்றின் குணத்தையும் பொறுமையாக விளக்கியது. ஃபெலிக்ஸ் விளக்கம் முடியும்வரை காத்திருக்கவில்லை. "எது வெளிய தெரியாதோ அதைக் குடு," என்றார். வரிசையில் நின்ற எண்பத்தொரு பேரும் இனியனை வாங்கிப் போட்டுக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். இரைச்சல் அறவே இல்லை என்று ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

கோமளவல்லி வரிசையில் நிற்கவில்லை.

அடுத்த நாள் காலை ஆறு மணி. மணி அடித்தது. தெரு சுவரில் காதை ஒட்டியது. தணிகாசலம் முண்டாசு இல்லாமல் வந்து நின்றார். ஒரு நிமிடம் கேட்டார். துளை அடைத்த இடம் அமைதியாக இருந்தது. தலையைத் தூக்கப் போனவர், ஏதோ தோன்றி, தூக்காமல் ஓரக்கண்ணால் தெருவைப் பார்த்தார். வரிசையாக எண்பத்தொரு தலைகள் சுவரில். அத்தனை கண்களும் அவர்மேல். ஃபெலிக்ஸின் காதுக்குள்ளிருந்து மெல்லிய தாளம் ஒழுகுவது பச்சைச் செவியில் தெளிவாகக் கேட்டது.

ஒருத்தி மட்டும் அவரைப் பார்க்கவில்லை. எதிரே கோமளவல்லி கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, உள்மணியை அணைத்துவிட்டு, புதிதாகப் பாடம் படிக்கும் பிள்ளையைப் போல நின்றிருந்தாள். அவளை அவசரப்படுத்த அவருக்கு மனசு வரவில்லை. அப்படியே நின்றார். தெருவும் நின்றது.

ஒருவழியாக அவள் கண்ணைத் திறந்தாள். "கசிவு இல்லைங்க," என்றாள். "நானே கேட்டேன்."

ஏழு வருடத்தில் அவள் சொன்ன எதையும் அவர் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. அவர் தலையைத் தூக்கினார். அடுத்த கணம் எண்பத்தொரு தலைகள் எழும்பின. "கசிவு இல்லை!" என்றது தெரு.

ஃபெலிக்ஸ் கழுத்தைத் தடவிக்கொண்டே பக்கத்தில் வந்தார். "என்னண்ணே இன்னிக்கு இவ்வளவு நேரம் சாஞ்சு நிக்க வெச்சிட்டீங்க? சுளையா நாலு நிமிஷம் போச்சு!"